குன்றின் மேல் ஒரு பொதுக் குகை

ஆறு வளைந்து ஓடும் இடத்தில் அடர்ந்து கிடந்த ஒரு காட்டில், மலையணில் ஒன்று வாழ்ந்தது. எதையும் முன்கூட்டியே யோசிக்கும் அணில் அது.

அந்தக் காட்டில் புள்ளிமான் மருந்துச்சாலை நடத்தியது. மந்தி பள்ளிக்கூடம் நடத்தியது. எந்தக் கொட்டையைத் தின்னலாம், எது நஞ்சு என்று குட்டிகளுக்குக் காட்டுவதற்காக எல்லா மரங்களின் விதைகளையும் சேர்த்து வைத்திருந்தது. காட்டுப்பன்றியோ பஞ்ச காலத்துக்கென்று கிழங்குகளைச் சேமித்து வைத்திருந்தது. மூவருமே கவனமானவர்கள்தான். ஆபத்துக்கு உதவும் என்று ஆளுக்கொரு பங்கை ஒதுக்கி, பக்கத்திலேயே ஒளித்து வைத்திருந்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் ஆற்றுநீர் கொஞ்சம் கரை தாண்டியது. மானின் மருந்து வேர்கள் நனைந்து அழுகின. ஒதுக்கி வைத்த பங்கைத் தேடிப் போனால், அது இருந்தது அதே மரத்தின் அடிப்பொந்தில். அதுவும் அழுகிப்போயிருந்தது. காய்ச்சலில் கிடந்த முயல் ஒன்று மருந்தில்லாமல் இறந்தது.

அன்று மான் அழுத அழுகையை அணிலால் மறக்க முடியவில்லை. மூவரையும் கூட்டி வைத்துப் பேசியது.

"ஒதுக்கிய பங்கும் பக்கத்திலேயே இருந்தால் என்ன பயன்? இரண்டையும் ஒரே வெள்ளம் கொண்டுபோய்விடும். குன்றின் மேல் நான் குடியிருக்கும் மரத்தருகே ஈரமே காணாத குகை இருக்கிறது. அங்கே வையுங்கள்."

"அவ்வளவு தூரமா? குட்டிகளை விட்டுவிட்டு நான் அங்கே போய்க் காவல் இருக்க முடியுமா?" என்றது மந்தி.

"தனியாக முடியாது. அதனால்தான் எல்லோரையும் கூப்பிட்டேன். குகை ஒன்று போதும். காவலும் ஒன்று போதும். காவலுக்கு நான் இருக்கிறேன்," என்றது அணில்.

காட்டுப்பன்றி உறுமியது. "பொது இடத்தில் வைத்தால் என் கிழங்கை ஆளாளுக்குத் தின்றுவிடுவார்கள்."

"குகைக்குள் தனித்தனி மாடங்கள் இருக்கின்றன, மாமா. நீங்கள் சொல்லாமல் உங்கள் மாடத்தை யாரும் தொட மாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு."

பன்றி அரைமனதோடு சம்மதித்தது.

அந்தக் காட்டில் இருந்த யானை, மூவரும் ஒதுக்கிய பங்குகளை முதுகில் சுமந்துபோய்க் குகையில் சேர்த்தது. திருடர்கள் வராதபடி குகை வாயிலில் ஒரு பெரும்பாறையையும் உருட்டி வைத்தது. "என்னைத் தவிர யாராலும் இதை அசைக்க முடியாது!" என்று பெருமையோடு துதிக்கையை உயர்த்தியது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அணிலும் மகிழ்ந்தது. ஆனால் மரத்தில் போய்ப் படுத்தால் அதன் மனம் சும்மா இருக்கவில்லை.

வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலையில் அது எல்லோரையும் மறுபடி கூப்பிட்டது. "வெள்ளம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கீழே இருந்ததெல்லாம் போய்விட்டது. குகையில் இருப்பதை எடுத்து வாருங்கள், பார்க்கலாம்."

"வானத்தில் ஒரு மேகம் இல்லை. உனக்கு வேறு வேலையே இல்லையா?" என்று பன்றி சலித்துக்கொண்டது.

"இல்லை மாமா," என்று சிரித்த அணில், யானையிடம் திரும்பியது. "அண்ணா, நீங்கள் மட்டும் இங்கேயே இருங்கள். நீங்கள் காட்டில் இல்லை என்று வைத்துக்கொள்வோம்."

மற்றவர்கள் குன்றேறினார்கள். மந்தி பாறையைத் தள்ளியது. மான் முட்டியது. பன்றி மூச்சு வாங்க வாங்க அடியில் தோண்டிப் பார்த்தது. பாறை இம்மிகூட நகரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. எடுக்கத்தான் முடியவில்லை.

 செய்தி கேட்ட யானை தானே ஏறி வந்து பாறையைப் புரட்டித் தள்ளியது.

"நல்லவேளை, இன்றே தெரிந்தது. இனி என்ன செய்யலாம், சொல்," என்று கேட்டது.

அந்தக் கேள்வியில் அணிலுக்கு யானையின் மேல் இருந்த மதிப்பு இன்னும் கூடியது. "சிறு கற்களை அடுக்கி அடைப்போம், அண்ணா. நம்மில் யார் வந்தாலும் எடுக்கலாம். திருடன் கை வைத்தால் கற்கள் சரியும். சத்தம் கேட்டதும் நான் கத்திக் காட்டையே கூட்டிவிடுவேன்."

அப்படியே செய்தார்கள். அதன் பிறகு பருவம் மாறும்போதெல்லாம் ஏறிப் போய்க் கற்களை எடுத்து, பழையதை மாற்றிப் புதியதை வைத்தார்கள். பன்றி முணுமுணுத்தபடியே வந்தது. ஆனால் ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை.

பிறகொரு நாள் நடுப்பகலில் பெருவெள்ளம் வந்தது. மரங்களை வேரோடு பிடுங்கிக்கொண்டு ஆறு காட்டுக்குள் புகுந்தது. விலங்குகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குன்றுக்கு ஓடின. திரும்பிப் பார்த்தால் மருந்துச்சாலையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, கிழங்குக் கிடங்கும் இல்லை. தழை தேடி அக்கரைக்குப் போயிருந்த யானை அங்கேயே மாட்டிக்கொண்டது.

நனைந்த குட்டிகளுக்குக் காய்ச்சல் கண்டது.

"கற்களை எடுங்கள்!" என்று அணில் கத்தியது.

எந்தக் கல்லை முதலில் எடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. பழகிய கைகள் மளமளவென்று வேலை செய்தன. வழி திறந்ததும் மான் உள்ளே பாய்ந்தது. உலர்ந்த வேர்களை எடுத்து வந்து, தன் வாயாலேயே மென்று, ஒவ்வொரு குட்டிக்கும் ஊட்டியது.

பன்றி தன் மாடத்தின் முன் போய் நின்றது. பசியில் துவண்ட குட்டிகள் அதையே பார்த்தன.

"என்ன பார்க்கிறீர்கள்? இதற்குத்தானே சேர்த்து வைத்தேன்? தள்ளாமல் வாருங்கள்," என்று அதட்டிய பன்றி, சின்னக் குட்டிகளுக்குப் பெரிய கிழங்குகளாகப் பார்த்துக் கொடுத்தது.

வெள்ளம் வடியும்வரை யானை அக்கரையில் நின்று பிளிறிக்கொண்டே இருந்தது. நீர் இறங்கியதும் ஆற்றைக் கடந்து, நெஞ்சு பதைக்கக் குன்றேறியது. அங்கே மரநிழலில் விதைகளைப் பரப்பி வைத்து மந்தி பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

"இது?" என்று கேட்டது மந்தி.

"நஞ்சு!" என்று குட்டிகள் கத்தின.

யானை அணிலைத் தேடிப் பிடித்தது. "எத்தனை பேரை இழந்தோம்?" என்று கேட்டது.

"ஒருவரையும் இழக்கவில்லை, அண்ணா."

யானை அப்படியே மண்டியிட்டுவிட்டது. துதிக்கையால் அணிலை மெல்லத் தூக்கி, தன் நெற்றியின் மேல் வைத்துக்கொண்டது.

நீதி: தனியாகக் காக்க முடியாததைப் பலர் சேர்ந்து காக்கலாம், காத்து வைத்தது ஆபத்தில் கைக்கு வருமா என்பதை நல்ல நாளிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.