நீட்டிய கால்

வைத்திலிங்கம் விடியற்காலையில் செத்துப்போனார். மடத்தில் அப்படிச் சொல்வதில்லை, சமாதி அடைந்தார் என்பார்கள். அந்த வார்த்தையை அவருடைய சாவுக்குச் சொல்லலாமா கூடாதா என்பதுதான் அன்றைய பிரச்சினை.

அந்த மடத்தில் துறவிகளைப் படுக்கவைத்துப் புதைப்பதில்லை. சம்மணம் போட்டு உட்காரவைத்து, சதுரக் குழியில் இறக்கி, திருநீறும் உப்பும் கொட்டி மூடுவார்கள். மேலே ஒரு லிங்கம், ஒரு விளக்கு. உட்காராதவருக்கு அந்தச் சமாதி வரிசையில் இடமில்லை. வேலிக்கு வெளியே, விளக்கில்லாத மண்ணுக்குப் போகவேண்டியதுதான்.

வைத்திலிங்கத்தால் உட்கார முடிந்ததில்லை. இளவயதில் லாரி மோதி, இடது தொடை எலும்பின் மேல்முனைப் பந்தும் இடுப்பில் அது சுழலும் கிண்ணமும் ஒட்டி ஒரே எலும்பாகிவிட்டன. பூசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் சுவரில் சாய்ந்து, பாதி படுத்த மாதிரி, இடது காலை நீட்டிக் கிடப்பார். உட்காரவே தெரியவில்லை, இவரெல்லாம் என்ன சாமியார் என்று வருகிறவர்கள் காதுபடவே சொல்வார்கள். அவர் சிரிப்பார்.

இறந்தவர்களை உட்காரவைப்பது மாசிலாமணியின் பொறுப்பு. அறுபதைத் தாண்டியவர். அவரும் வைத்திலிங்கமும் ஒன்றாக மடத்துக்கு வந்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகம். வெந்நீர்த் துணி போட்டு, முழங்காலை வயிற்றை நோக்கித் தூக்கி, மெல்ல வெளிப்பக்கம் சாய்த்தால் எந்த விறைத்த காலும் அவருக்கு மடங்கிவிடும். வலது கால் மடங்கிவிட்டது. இடது கால், உயிரோடு இருந்தபோது எப்படியோ அப்படியே இருந்தது.

மாசிலாமணி உலக்கையைக் கொண்டுவந்து பிணத்தின் பக்கத்தில் வைத்தார். பிறகு மடத்தின் தலைவியிடம் போனார். ஞானாம்பிகை அம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் அவர்தான் குரு.

“அம்மா, பந்துக்குக் கீழ எலும்பு ஒடுங்குற இடம் ஒண்ணு இருக்கு. அங்க ஒரே அடி. அனுமதி குடுங்க.”

“எதுக்கு?”

“மடங்கணும்ல. சாயங்காலத்துக்குள்ள ஊரே வந்துரும். அவனை வேலிக்கு வெளியே விட என்னால முடியாதும்மா.”

அம்மா வேறெதையோ கேட்பதுபோல் தலையைச் சாய்த்தார்.

“சமையக்கட்டுல யாரு மாவாட்டுறாங்க?”

அப்போதுதான் மாசிலாமணிக்கும் கேட்டது. கல்லுக்குள் கல் சுற்றும் சத்தம். காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது என்றும் தோன்றியது. சாவு விழுந்த நாளில் மடத்தில் அடுப்பெரியாது, அரைப்பதும் கிடையாது. போய்ப் பார்த்தார். சமையலறை பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே ஆட்டுக்கல் தெரிந்தது. குழவியை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். குழி காய்ந்து கிடந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது அம்மா பிணத்தருகே உட்கார்ந்திருந்தார்.

“அங்க யாருமில்லம்மா.”

“சரி, உக்காருங்க. உங்க கால் மடங்குறப்ப எந்த இடத்துல திரும்புது? கை வெச்சுக் காட்டுங்க.”

தன் இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் புடைத்திருந்த எலும்பில் மாசிலாமணி கைவைத்தார். யாரும் அங்கேதான் வைப்பார்கள்.

“இப்ப காலை ஆட்டுங்க. அந்த எலும்பு நிக்குதா?”

“இல்ல. காலோட சேந்து போகுது.”

“அப்ப அது சுத்துற எலும்பு. எதைச் சுத்துது?”

மாசிலாமணி விரல்களை நகர்த்தித் தேடினார். பின்பக்கம் வெறும் சதை. முன்பக்கம், தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் அழுத்தியபோது எங்கோ ஆழத்தில் ஏதோ உருண்டது. விரலுக்கு எட்டவில்லை.

“இங்கதான் எங்கியோ இருக்கு. தொட முடியல.”

“அவருக்கும் பாருங்க.”

“அவனுக்குத்தான் ஒட்டிப்போச்சேம்மா.”

“பாருங்க.”

வைத்திலிங்கத்தின் இடது தொடை மடிப்பில் மாசிலாமணி கைவைத்தார். தோல் ஈரமண்போல் குளிர்ந்திருந்தது. கால் கொஞ்சமும் அசையவில்லை. ஆனால் அடியில், ஆழத்தில், ஒரு பந்து தன் கிண்ணத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. சீராக, அவசரமில்லாமல். ஆட்டுக்கல் சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது அவருக்கு. சிநேகிதனைத் தனியாக விட்டு எங்கே ஓடுவது?

“அம்மா, செத்தவன் இடுப்பு சுத்துது.”

“இன்னைக்குத்தான் சுத்துதா?”

மாசிலாமணி யோசித்தார். எத்தனை வருடம் இவனுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறோம். அக்கம்பக்கத்தில் யாரோ மாவாட்டுகிறார்கள் என்று நினைத்து எத்தனை முறை புரண்டு படுத்திருக்கிறோம். அக்கம்பக்கத்தில் வீடே கிடையாது என்பது இப்போதுதான் அவர் புத்தியில் உறைத்தது.

உலக்கையை எடுத்துக்கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு வந்தார்.

“உடைக்க மாட்டேன். ஆனா குழி சதுரமா வெட்டியிருக்கு, இந்தக் கால் அதுல அடங்காது. உள்ள சுத்துறது ஊருக்குத் தெரியவா போகுது? வெளிய கொண்டுபோன்னுதான் சொல்வாங்க. நான் என்னம்மா செய்யட்டும்?”

அம்மா எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். சமாதி வரிசையின் கடைசியில் வெட்டி வைத்திருந்த குழியில் இறங்கினார். அதன் கிழக்குப் பக்கத்தை இடித்து, ஓர் ஆள் சாய்ந்து கால் நீட்டும் அளவுக்கு நீளமாக வெட்ட ஆரம்பித்தார். மாசிலாமணி பதறிப்போனார்.

“அந்தப் பக்கம் வேண்டாம்மா. அது உங்களுக்குன்னு ஒதுக்கின இடம்.”

அம்மா வெட்டிக்கொண்டே இருந்தார்.

“நாளைக்கு அவன் பாதம் உங்க மடியில வந்து இடிக்கும்மா.”

அம்மா நிமிர்ந்து நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

“என்னை மடக்கி வைக்கப் போறவங்ககிட்ட சொல்லி வையுங்க. அந்தக் காலுக்கு இடம் விட்டு மடக்கட்டும்.”