சிவப்பு பெயிண்ட் அடித்த அறுபது ராடு

என் வயிற்றில் அடித்தவன் செங்கோடன். பம்பு கம்பெனியில் சரக்கைச் சோதித்து வாங்குகிறவன்.

நான் பட்டறையில் இழுத்துச் செய்து கொடுத்த எவர்சில்வர் ராடு அறுபதிலும் சிவப்பு பெயிண்ட் அடித்தான். பதினோரு பேர் நிற்கும்போது, "மட்டச் சரக்கு" என்றான். சாயங்காலத்துக்குள் எடுத்துப் போகாவிட்டால் என் பட்டறையின் பெயரையே பட்டியலிலிருந்து அடித்துவிடுவானாம்.

ராடில் அறுத்த ஒரு துண்டையும், அவன் சுவரில் இருந்த சார்ட்டின் ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டு மெஹருன்னிசாவிடம் ஓடினேன். டெஸ்டிங் லேப் வைத்திருக்கிறாள். என் மகளைவிடச் சின்னவள். இந்த விஷயத்தில் எனக்கு அவள்தான் குரு.

"அம்மணி, என் ராடு மட்டமா?"

செங்கோடன் அதை எப்படிச் சோதித்தார் என்று மட்டும் கேட்டாள்.

சொன்னேன். ராடு எவ்வளவு கெட்டி என்று பார்க்க இரண்டு கணக்கு இருக்கிறது. கம்பெனி கேட்டது பிரினெல் கணக்கில் குறைந்தது இருநூற்று இருபது. செங்கோடனிடம் இருப்பது இன்னொரு கணக்கான ராக்வெல் மெஷின். அதில் தொண்ணூற்றாறு வந்தது. ராக்வெல்லைப் பிரினெல்லாக மாற்றிக் காட்டும் அந்தச் சார்ட்டில் தொண்ணூற்றாறுக்கு நேராக இருநூற்றுப் பதினாறு என்று போட்டிருக்கிறது. நாலு குறைவு.

அவள் ஒரு சாதா ஸ்டீல் துண்டைத் தேடி எடுத்து என் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் ராக்வெல்லில் குத்தினாள்.

இரண்டிலும் தொண்ணூற்றாறு.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களா?"

"நம்பர் ஒண்ணுதானே அம்மணி."

பிரினெல் மெஷினில் குண்டு வைத்து இரண்டையும் அழுத்தினாள். குழியை அளக்கிற கண்ணாடியை என் கையில் கொடுத்தாள்.

பார்த்தேன். சாதா ஸ்டீலில் குழி அகலம். என் எவர்சில்வரில் ஒரு மயிரளவு சிறிசு. மறுபடி பார்த்தேன். சிறிசுதான்.

குழி சிறுத்தால் கெட்டி கூடுதல். இருநூற்று இருபத்தாறு.

கம்பெனி கேட்டதைவிட ஆறு அதிகம்.

ஜெராக்ஸின் அடியில், பொடி எழுத்தில் இருந்த ஒரு இங்கிலீஷ் வரியில் விரலை வைத்தாள். எனக்கு அது படிக்க வராது. செங்கோடனுக்கு வரும்.

"என்ன போட்டிருக்கு?"

"இது சாதா ஸ்டீலுக்கு. இந்த எவர்சில்வருக்கு ஆகாதுன்னு போட்டிருக்குங்கண்ணா."

வண்டியை முறுக்கிக்கொண்டு பறந்தேன்.

துண்டையும் ஜெராக்ஸையும் செங்கோடன் முன்னால் வைத்து, லேபில் வந்த நம்பரைச் சொன்னேன். துண்டில் இருந்த குழியைப் பார்த்தான். பொடி எழுத்தைப் படித்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தான். சுவரில் இருந்த சார்ட்டைக் கிழித்தான்.

பெயிண்டைக் கரைக்கிற தின்னர் டப்பாவும் துணியுமாக வெளியே வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, அறுபது ராடிலும் சிவப்பைத் துடைத்தான். லோடுமேன் கேட்டும் துணியைக் கொடுக்கவில்லை. பதினோரு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.



திரும்பி வந்து மூச்சு விடாமல் மெஹருன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சரக்கு உள்ளே போய்விட்டது, பட்டறையின் பெயரும் பட்டியலில் தங்கிவிட்டது, ஆனால் 'தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை என்றேன்.

"அறுபதையும் அவரேவா துடைச்சாரு?"

"அவனேதான்."

"அப்புறம் அவரு தப்பை ஒத்துக்கலைன்னு எந்தச் சார்ட்ல பார்த்தீங்கண்ணா?"

அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆனாலும், செங்கோடனிடமிருந்து அந்த ஒரு வார்த்தை இன்னும் எனக்கு வர வேண்டியிருக்கிறது.