கூரைமேல் ஏறவிருந்த குளம்

கானலூர் அரசர் மார்த்தாண்ட பூபதிக்கு வியர்த்தது. சித்திரை மாதம், ஊரில் எல்லோருக்கும்தான் வியர்த்தது. ஆனால் ஊருக்கு வியர்த்தால் அதற்குப் பெயர் வெயில். அரசருக்கு வியர்த்தால் அது நாட்டின் பெரும் பிரச்சினை. உடனே சபை கூடியது.

தலைமை மந்திரி அனந்தராயர் தயாராக வந்திருந்தார்.

"மகாராஜா, கோடையில் குளுகுளு, மார்கழியில் கதகதப்பு. இரண்டுக்கும் வழி வைத்திருக்கிறேன். ஊர்க் குளத்திலிருந்து வாய்க்கால் வெட்டி, ஏற்றம் போட்டு, தங்கள் கூரைமேல் இராப்பகலாகத் தண்ணீரை ஓடவிடுவோம். சன்னலில் வெட்டிவேர்த் தட்டி. மாடு சுற்றினால் விசிறி சுழலும். குளிர்காலத்துக்குத் தரைக்கடியில் அடுப்பு. சூடு மட்டும் மேலே வரும், புகை வராது."

"செலவு?"

"கஜானாவுக்கு ஒரு காசு இல்லை. தண்ணீர் குளத்தில் சும்மாதான் கிடக்கிறது. விறகு, வீட்டுக்கு ஒரு கட்டு. மக்கள் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள்."

மக்களின் மகிழ்ச்சியை மக்களைக் கேட்காமலே கண்டுபிடிக்கும் வித்தை மந்திரிகளுக்கு மட்டும்தான் கைவரும். வேலையை எடுத்துச் செய்யப்போவது தம் மைத்துனர் என்பதை அனந்தராயர் சொல்லவில்லை. சபையில் அது தெரியாதவரும் இல்லை.

அரசர் உலகப்பன் பக்கம் திரும்பினார். சபையில் வேடிக்கை பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குபவன் அவன்.

"உலகப்பா, சீர்தூக்கிப் பார்த்துச் சொல். இந்தச் செலவு கட்டுபடியாகுமா? காரணமில்லாமல் குறை சொன்னாயோ, விசிறிக்கு மாட்டுக்குப் பதில் உன்னைப் பூட்டுவேன்."

உலகப்பன் குளத்தை நினைத்தான். கிணறெல்லாம் வற்றிப்போய், ஊருக்கு மிச்சமிருந்தது அந்தக் குளம் ஒன்றுதான். சேதி காதில் விழுந்ததும் காலையிலேயே அவன் மனைவி பேச்சியம்மாள் சொல்லிவிட்டாள்: "குளத்தக் கூரைக்கு ஏத்தப் போறாங்களாமே? ஏத்தினா நீங்களும் அங்கேயே ஏறிப் படுத்துக்கோங்க. இங்க வராதீங்க."

ஒரு பக்கம் நுகத்தடி. மறுபக்கம் பேச்சியம்மாள். உலகப்பன் சீர்தூக்கிப் பார்த்தான். நுகத்தடியே பரவாயில்லை என்று தோன்றியது.

"அருமையான திட்டம், மகாராஜா. குறையே இல்லை. அரண்மனை வழக்கப்படி நடத்திவிட்டால் போதும்."

கானலூரில் அரசரின் உடம்புக்குள் எது போவதானாலும், கொண்டுவந்தவர் முதலில் உட்கொண்டு காட்ட வேண்டும். பாயசம் என்றால் சமையற்காரர் இரண்டு கரண்டி குடிப்பார். பேதி மருந்து என்றால் வைத்தியர் பாதியைக் குடிப்பார். அன்றைக்கு ஊரில் வேறு யாரும் வைத்தியரைக் கூப்பிடுவதில்லை.

"காற்றும் மூக்கு வழியாக உள்ளேதானே போகிறது?" என்றான் உலகப்பன்.

அரசர் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். ஒருமுறை மூச்சை இழுத்தும் பார்த்தார். "போகிறது" என்றார்.

"கொண்டுவந்தவர் மந்திரியார். முதல் மூச்சு அவருடையது."

அனந்தராயர் சிரித்தார். "தாராளமாக. மாதிரிக்கு ஓர் அறையே கட்டி வைத்திருக்கிறேன். குளுகுளுவென்று உட்கார்ந்து காட்டுகிறேன்."

"குளிர்ச்சிக்கு இன்னும் வாய்க்காலே வெட்டவில்லையே, மந்திரியாரே. அடுப்புதான் தயார். இருப்பதிலிருந்து தொடங்குவோம்."

"சித்திரையிலா?"

"மார்கழி என்று நினைத்துக்கொள்ளுங்கள். யாரங்கே, மந்திரியாருக்கு ஒரு கம்பளி."

உச்சிவெயிலில், கம்பளி போர்த்திய மந்திரி உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. கீழே தீ மூட்டினார்கள். வாசலில் நாற்காலி போட்டு அரசர் உட்கார்ந்தார்.

"அனந்தராயரே, எப்படி இருக்கிறது?"

உள்ளே மந்திரி மைத்துனரை நினைத்தார். மைத்துனரின் தமக்கையையும் நினைத்தார். வேறு வழியில்லை.

"இதமாக இருக்கிறது, மகாராஜா."

"இதமாம்" என்றான் உலகப்பன், அடுப்புக்காரனிடம். "நாலு கட்டை சேர்த்து வை."

சற்றுப் பொறுத்து அரசர் மறுபடி கேட்டார். "இப்போது?"

"மி... மிகவும் இதம்."

"மிகவும் இதமாம். அந்தப் பெரிய கட்டையைத் தள்ளு."

மூன்றாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. கதவு திறந்தது. கம்பளி ஒரு பக்கம் பறக்க, தலைப்பாகை மறுபக்கம் பறக்க, மந்திரி அரசரைத் தாண்டி, அரண்மனை வாசலைத் தாண்டி, கடைத்தெரு வழியாக ஓடினார். என்ன ஆகிறது பார்ப்போம் என்று அரசரும் ஓடினார். அரசர் ஓடியதால் காரணம் தெரியாமல் சேனையும் ஓடியது.

மந்திரி குளத்தில் குதித்தார். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தாள் பேச்சியம்மாள்.

"யாருய்யா அது? கண்ணு தெரியலயா? இது பொம்பளைங்க துறை. ஆம்பளைங்களுக்கு அந்தப் பக்கம். எருமை நிக்குது பாரு, அங்க போ."

நாட்டின் தலைமை மந்திரி எருமைப் பக்கம் நீந்தினார்.

பட்டும் கிரீடமுமாக வெயிலில் ஓடிவந்த அரசருக்கு மூச்சு வாங்கியது. சுற்றிக்கொண்டு ஆண்கள் துறைக்குப் போய் ஒரு காலை நனைத்தார். பிறகு முழங்கால். பிறகு கிரீடத்தைக் கழற்றி உலகப்பன் கையில் கொடுத்துவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தார். எருமை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. அரசர் என்பதற்காக அல்ல. யார் வந்தாலும் அது அப்படித்தான்.

அரசர் கண்ணை மூடினார். "உலகப்பா, இந்தக் குளுமையை அமைக்க என்ன செலவாகும்?"

"அமைத்தாகிவிட்டது, மகாராஜா. கூரைமேல் ஏற்றாமல் விட்டால் போதும்."

"மார்கழிக்கு?"

"அப்போது மந்திரியாரின் கம்பளி சும்மாதான் கிடக்கும்."

அரசர் சிரித்த சிரிப்பில் கரைவரை அலை போனது. குளம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், விறகும் யாரும் கொடுக்க வேண்டாம் என்று தண்ணீரில் இருந்தபடியே உத்தரவு போட்டார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி உலகப்பனிடம் நீட்டினார். மாலையைவிட அந்த உத்தரவுதான் பேச்சியம்மாள் வீட்டுக்கு அவன் திரும்பிப் போவதற்கான வழிச்சீட்டு.

பிறகு எருமைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"அனந்தராயரே, இங்கே எப்படி இருக்கிறது?"

"இதமாக இருக்கிறது, மகாராஜா."

மந்திரியாகி அரசரிடம் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.