தாமோதரன் மெச்சிய மேப்

கோயம்புத்தூரில் ஆட்டோ கூப்பிடும் ஆப் செய்கிற கம்பெனி ஒன்று. அதன் மேனேஜர் தாமோதரன் ஒருநாள் ப்ரோகிராம் எழுதும் பூங்கோதையைக் கூப்பிட்டார். "ஒரே மாசத்துல ஆப் முழுக்கப் புது முறையில எழுதணும். பழசுல ஒரு வரி இருந்தாலும் நீ வீட்டுக்குப் போயிடு!"

அவளோ மற்றதையெல்லாம் புதிதாக எழுதி, நன்றாக ஓடிய பழைய மேப்பை மட்டும் அப்படியே புதுத் திரைக்குள் பொருத்திவிட்டாள்.

மாதக் கடைசியில் எல்லார் முன்னாலும் மேப்பை இழுத்துப் பார்த்த தாமோதரன், "புதுசுன்னா புதுசுதான்! எப்படி வழுக்கிட்டுப் போகுது!" என்று பூரித்தார்.

"ஒரு இடத்துல பழசு இருக்குங்க சார். தொட்டுக் காட்டுங்க, இப்பவே எடுத்துடறேன்," என்றாள் பூங்கோதை.

முகம் சிவக்க ஒரு பட்டனைத் தொட்டார். "இதுதானே? பாத்தாலே தெரியுது!"

"அது நேத்து எழுதினதுங்க. பழசு, நீங்க மெச்சின மேப். எடுத்துடட்டுங்களா?"

தாமோதரன் மேப்பை இன்னொரு தரம் மெதுவாக இழுத்துப் பார்த்தார்.

"இருக்கட்டும்மா," என்றார். "நீயும் இரு."