தவறான பெயர்

ஒரு கண் ஆஸ்பத்திரியில் சர்வரைப் புதுப்பித்தார்கள். மறுநாள் டோக்கன் போடும் வெப்சைட் சிலர் பெயரை ஏற்றது, பலர் பெயரைத் தள்ளியது. ஏனென்று புரியாமல் சனம் விழித்துக்கொண்டு நின்றது.

“சர்வரில் தப்பே வராது. நீதான் தப்பா அடிக்கிறே, வேலையை விட்டுப் போ!” என்று டோக்கன் போடும் செண்பகவல்லியிடம் சீறினார் கம்ப்யூட்டர் அதிகாரி.

அவள் ஆண்டவனை நினைத்தபடி எழுந்தாள். “போறேன் சார். உங்க பேரை மட்டும் அடிச்சுக் காட்டுங்க.”

அவர் ‘கு. தில்லைநாயகம்’ என்று அடித்தார். ‘தவறான பெயர்’ என்றது திரை. மறுபடியும் அதேதான்.

“சர்வரில் தப்பில்லைன்னா, உங்க அப்பா வச்ச பேருதான் தப்பா சார்?”

அதிகாரி மூன்றாம் முறை அடிக்கக் கை நீட்டினார். அவள் தடுத்தாள்.

“காலையிலிருந்து பார்க்கிறேன். இனிஷியல் புள்ளியைத்தான் புது சர்வர் தள்ளுது. எடுத்துட்டு அடிங்க.”

எடுத்தார். கண் பரிசோதனைக்கு அடுத்த டோக்கன் அதிகாரி பெயரிலேயே வந்தது.