பத்து நாள் சாட்சி

சட்டம் கெட்டியாக இருந்தால் நியாயம் தானாக நிற்கும் என்று நம்பிய நாடு ஒன்று இருந்தது. அந்த நாட்டில் கொலை வழக்குக்குச் சாட்சி சொல்பவர் பத்து நாளும் காலையில் சபைக்கு வந்து, அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்ல வேண்டும். ஒரு சொல் பிசகினாலும் சாட்சி செல்லாது. பொய் சொல்கிறவன் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ உளறிவிடுவான் என்பது பெரிய மனிதர்களின் எண்ணம். எண்ணம் என்னவோ நல்ல எண்ணம்தான். வடிவாளுக்குத்தான் அது எமனாக வந்தது.

வடிவாள் பரிசல் துறையில் மோர் விற்பவள். ஒரு நாள் உச்சி வெயிலில், அவள் கண் முன்னாலேயே, அரண்மனை ஓலைக்காரரை இரண்டு பேர் குத்திவிட்டு ஓடினார்கள். அலறல் கேட்டு ஓடிவந்த அவள் அண்ணன் கலியன், உயிர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக் கத்தியை உருவினான். அந்த நேரம் பார்த்துக் காவலர்கள் வந்து சேர்ந்தார்கள். கத்தி யார் கையில் இருக்கிறதோ அவனே கொலைகாரன்; உயிரோடிருக்கும் வேறொருவனைச் சாட்சி கைகாட்டினால்தான் அவன் தலை தப்பும். அதுவும் சட்டம்தான்.

முதல் நாள், விசாரணை அதிகாரி மாராயர் கேட்டார்: "ஓடினவங்கள்ல முதல் ஆளு எப்படி இருந்தான்?"

"செவப்புத் தலைப்பாகை சாமி. இடது கன்னத்துல வெட்டுத் தழும்பு. காதுல கடுக்கன்." வடிவாள் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "ரெண்டாவது ஆளு மொகமும் அப்படியே மனசுல நிக்குது. ஆயிரம் பேருக்கு நடுவுல நிறுத்துங்க, காட்டிடுறேன். அவனுக்கு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

தலையைப் பிடித்தால் வால் தானாக வரும் என்று மாராயர் நினைத்தார். பத்து நாளும் சிவப்புத் தலைப்பாகைக்காரனைப் பற்றி மட்டுமே கேட்டார்.

வீட்டில் கலியனின் மனைவி செண்பகத்துக்கு ஒரே கவலை. ஒரு சொல் தவறினால் தாலி போய்விடுமே! நெல் குத்தும்போதும், தலை வாரும்போதும், சோறு போடும்போதும், "எங்க, இன்னொரு தடவ சொல்லு வடிவு" என்பாள். வடிவாளும் சளைக்காமல் சொல்வாள். செவப்புத் தலைப்பாகை, இடது கன்னத்துல தழும்பு, காதுல கடுக்கன். அண்ணன் உயிரே அந்த மூன்றில்தான் இருக்கிறது என்று இருவரும் நம்பினார்கள், பாவம்.

பத்தாம் நாள் சாட்சி முடிந்தது. ஒரு சொல்கூடப் பிசகவில்லை. ஆனால் அன்று காலையே சிவப்புத் தலைப்பாகைக்காரன் ஆற்றில் பிணமாக மிதந்தான். பிணத்தைக் கைகாட்டி யாரை மீட்பது? அவனோடு திரிந்த ஐந்து பேரைப் பிடித்துவந்து சபையில் வரிசையாக நிறுத்தினார்கள்.

"இதுல அந்த ரெண்டாமவன் யாரு?" என்றார் மாராயர்.

வடிவாள் பார்த்தாள். முதல் முகத்தைப் பார்த்தால் அதன் கன்னத்தில் தழும்பு தெரிந்தது. அடுத்த முகத்தைப் பார்த்தால் அதன் தலையில் சிவப்புத் தலைப்பாகை ஏறியது. ஐந்து முகத்திலும் செத்தவனே நின்றான். இரண்டாமவன் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

"கொஞ்சம் இருங்க சாமி, வந்துடும்... இதோ வந்துடும்..."

விலங்கோடு நின்ற கலியன், "அவசரப்படாத வடிவு. நல்லாப் பாரு" என்றான்.

அவள் கை தன்னால் எழுந்தது. யாராவது ஒருவனைக் காட்டினால் போதும், அண்ணன் வீடு திரும்புவான். ஆனால் காட்டப்படுகிறவனுக்கும் ஒரு தங்கை இருந்தால்? கை கீழே விழுந்தது. "தெரியலியே அண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அரண்மனை மருத்துவர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, அன்று துறையில் வேறென்ன பார்த்தாள் என்று விசாரித்தார். கவிழ்த்துவைத்த மூன்று பரிசல், கொம்பு ஒடிந்த கறுப்பு ஆடு, பச்சைச் சேலைக்காரி ஒருத்தி என்று தடையில்லாமல் சொன்னாள். எல்லாம் உண்மை என்றான் சபைக்கு வந்திருந்த துறைப் பரிசல்காரன்.

"இவ அந்த ரெண்டாமவன பாத்ததே இல்ல, எல்லாம் பொய்" என்றார் மாராயர். "பார்த்த பயத்துல நெனவு கருகிப்போச்சு" என்றார் மருத்துவர். "பத்து நாள்ல மறந்துட்டியேடி! அக்கறை இருந்தா மறக்குமா?" என்று மண்ணில் புரண்டாள் செண்பகம்.

அரசன் எழுந்தான். "பொழுது சாயறதுக்குள்ள சரியான காரணத்த யாராவது சொல்லுங்க. தண்டனைய நிறுத்துறேன்."

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களே, பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. மூவரில் யார் சொன்னது சரி? வடிவாளின் மனசிலிருந்து அந்த முகத்தை எடுத்துக்கொண்டது எது?

விடை: மூவரும் சொன்னது தவறு. பொய்க்காரியாக இருந்தால் ஐவரில் ஒருவனைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டி அண்ணனை மீட்டிருப்பாள். பயம் கருக்கியிருந்தால் முதல் நாளே கருக்கியிருக்கும். அன்று அந்த முகம் அவளிடம் இருந்தது. நாள் கடந்ததால் மறந்தது என்றால் ஆடும் பச்சைச் சேலையும் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? அவற்றை யாரும் அவளிடம் கேட்கவே இல்லையே. ஒன்றாக மனசில் பதிந்த இரண்டு முகங்களில் ஒன்றையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டால், அதற்கு வழிவிட்டு மற்றது ஒதுங்கிப்போகும். சபையில் மாராயரும் வீட்டில் செண்பகமும் கேட்டார்கள், வடிவாள் சொன்னாள். மூவருமாகச் சேர்ந்து, நல்ல எண்ணத்தோடு, அந்த முகத்தை உள்ளே தள்ளிவிட்டார்கள். ஒதுங்கியது அழிந்துவிடாது. சும்மா விட்டிருந்தால் திரும்பி வந்திருக்கும். சபையில் இதைச் சொல்ல ஒருவரும் இல்லை, பொழுது சாய்ந்தது. மூன்றாம் நாள் அண்ணனின் சாம்பலில் பால் தெளிக்கும்போது, யாரும் கேட்காமலேயே, அந்த முகம் வடிவாளுக்கு முழுசாக வந்தது. வரிசையில் நான்காவதாக நின்றவன்.