டோக்கன் எண்பத்துநாலு

பனையடிப்பட்டி சுயம்பு, மாசானம், பலவேசம் மூவரும் ஒரு பெரியவரை வண்டியில் ஏற்றிப்போன கதையைச் சொல்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள். அவர்கள் கடைசிவரை சிரிக்கவே இல்லை.

சிற்பி திரவியம் மூன்று வருஷம் மாய்ந்து மாய்ந்து தன் அப்பாவை ரப்பரில் செய்திருந்தார். நோயில் கிடந்த கடைசி நாட்களின் அப்பா. இடுப்பில் வேட்டி மட்டும், ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருப்பார். விலா எலும்பை எண்ணிவிடலாம். நெஞ்சில் நரைமுடியை ஒவ்வொன்றாக நட்டிருந்தார். பார்த்தால் மனசு கேட்காது, ஒரு வாய் கஞ்சி கொடுக்கத் தோன்றும். கண்காட்சியில் இதற்கு முதல் பரிசு கிடைக்காவிட்டால் சிற்ப வேலையையே விட்டுவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார் மனிதர்.

அதனால் சிலையை வண்டியில் ஏற்றி அனுப்பும்போது மூவரிடமும் இரண்டே விஷயம் சொன்னார். வழியெல்லாம் சொந்த அப்பாவைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்காட்சி மண்டபத்துக்குப் போனதும், மேடையில் இருப்பதன் கழுத்தில் ‘தொடாதீர்’ பலகையை மாட்டிவிட்டு, யார் கையும் படாமல் காவல் காக்க வேண்டும்.

பாதி வழியில் சுயம்பு பெரியவரின் கையைப் பிடித்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு மூவரும் கூடிப் பேசினார்கள்.

“மூச்சு இருக்கா?” என்றான் மாசானம்.

“இல்ல. ஆனா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு.”

“பொம்மைன்னுதானே சொன்னாங்க?” என்று பலவேசம் இழுத்தான்.

“உங்கப்பாவுக்கு மூச்சு நின்னா, பொம்மைன்னு விட்டுருவியா?” என்றான் சுயம்பு.

பலவேசத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

போர்வை போர்த்தினார்கள். நோயாளியை வெறுங்கையோடு பார்க்கக் கூடாதே என்று நாலு சாத்துக்குடி வாங்கி அவர் மடியிலேயே வைத்தார்கள். மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த டாக்டரிடம் கொண்டுபோனார்கள். நல்ல கூட்டம். டோக்கன் எண்பத்துநாலு கிடைத்தது. பெரியவரைப் பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, ஸ்டூலை மட்டும் கொண்டுபோய் மண்டபத்து மேடையில் வைத்தார்கள்.

திரவியம் ஓடிவந்து பார்த்தார். வெறும் ஸ்டூல். தலை சுற்றி அதிலேயே உட்கார்ந்தவர், பின்னால் இருந்த தூணில் சாய்ந்து மயங்கிவிட்டார். தண்ணீர் தெளிக்கலாமா என்று மூவரும் யோசித்தார்கள். மேடையில் இருப்பதைத் தொடக்கூடாதே. கை படாமல், ஒரு குச்சியால் பலகையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டுக் காவலுக்கு நின்றார்கள்.

நடுவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வேர்வைகூட வைத்திருக்கிறாரே என்று அசந்துபோய், அங்கேயே முதல் பரிசை அறிவித்தார். கைதட்டலில் திரவியம் கண் விழித்தார்.

“அப்பா எங்கடா?” என்றார்.

“எந்திரிச்சுராதீங்க, பரிசு போயிரும்,” என்று சுயம்பு அவர் காதோரம் குனிந்தான். “இப்பத்தான் போயி எட்டிப் பாத்துட்டு வந்தேன், அறுபதாம் நம்பரைக் கூப்பிடுறாங்க. அப்பா ரொம்பப் பொறுமைசாலிங்க. அவ்வளவு நேரமா உக்காந்திருக்காரு, டாக்டர் சொல்லாம ஒரு சாத்துக்குடியைக்கூடத் தொடல.”